எழுப்பக் கூடாதவள்

மே 20, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக அம்மாவை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். முதுகில் நேற்றிருந்த சிவப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. விரிப்பை மாற்றி, பழையதை வாளியில் ஊறவைத்துவிட்டுத்தான் பல் துலக்கினேன்.

திருப்பும் நேரங்களைக் குறித்து வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால் வாங்கிய டைரி இது. இரண்டு மணிக்கொரு தரம், இரவும் பகலும். பதினான்கு மாதங்களாகிவிட்டன. இது இரண்டாவது டைரி. நேரங்களை ஓரத்தில் எழுதுகிறேன். மிச்சமிருக்கும் இடத்தில் மற்றவை.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு மிஞ்சியவை நான்கு சொற்கள். தண்ணி, வலி, சுபா, மூதேவி. சுபா என் தங்கை, கோயம்புத்தூரில் இருக்கிறாள். என்னைக் கூப்பிடுவது நான்காவது சொல்லால்.

ஏழு மணிக்கு நல்லுசாமி மாமா வந்தார். ரைஸ் மில் வைத்திருப்பவர், அம்மன் கோவில் திருப்பணிக் குழுவின் தலைவர். நின்றுகொண்டே பேசினார்.

"தமயந்தி, குடமுழுக்கு ஜூலை நாலு. தல வரலாறு ஒண்ணு போடணும், பதினாறு பக்கம். ஊர்ல சரித்திரத்துல எம்.ஃபில் வரைக்கும் படிச்சது நீ ஒருத்திதான்."

"அம்மாவை விட்டு நகர முடியல மாமா. காலேஜ் வேலையையே விட்டுட்டேன்."

"உக்காந்த எடத்துல எழுதுறதுதானேம்மா. அலங்காரவல்லி சாட்சாத் மகாலட்சுமி, ரெண்டாயிரம் வருஷத்துக் கோயில். இதை வெச்சு அப்படியே இழுத்து விடு."

"ரெண்டாயிரத்துக்கு ஆதாரம் இல்லையே மாமா."

"இல்லைங்கிறதுக்கும் ஆதாரம் இல்லையே."

சிரித்துவிட்டேன். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.


மே 22, வியாழன்

பக்கத்து வீட்டில் இரண்டு மணி நேரம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போனேன். போய் மூன்று வருடமாவது இருக்கும்.

சின்னக் கோவில். ஒரு கருவறை, அதற்கு முன்னால் எட்டுத் தூண்களோடு ஒரு மண்டபம், அவ்வளவுதான். கருவறைக்கு வேறு வழி கிடையாது. அம்மனுக்குக் கழுத்திலிருந்து பாதம் வரை வெள்ளிக் கவசம், முகத்தில் சந்தனக் காப்பு, அதன்மேல் வெள்ளிக் கண்கள். அபிஷேகம்கூடத் திரை போட்டுத்தான் நடக்கும். கல்லின் உருவத்தைப் பார்த்தவர்கள் பூசாரி குடும்பத்தைத் தவிர ஊரில் யாரும் இல்லை.

நான் போனபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நடை சாத்தியிருக்க வேண்டும். பூசாரி ஆண்டியப்பன் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே, கருவறை வாசலுக்கு நேர் எதிரே, ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு மாதக் குழந்தை. அதுவும் தூங்கியது.

"இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"எங்க போறது டீச்சர்? பத்து மணிக்குப் படுத்த பொண்ணு. அதுவா எந்திரிச்சாத்தான் நடை சாத்தணும்."

சின்ன வயதில் பார்த்ததுதான், மறந்திருந்தேன். இந்த மண்டபத்தில் தூங்கும் பெண்ணை யாரும் எழுப்பக் கூடாது. அவளைத் தாண்டி எதுவும் கருவறைக்குள் போகக் கூடாது, வெளியே வரவும் கூடாது. தீபாராதனைத் தட்டுகூட நிற்கும். ஏன் என்று கேட்டேன். பூசாரி சாவியைப் பார்த்துக்கொண்டு, "அப்படித்தான் டீச்சர்" என்றார்.

"நீங்களும் ஒரு நாள் வந்து படுங்களேன். கண்ணுக்குக் கீழ பாருங்க, எப்படிக் கருத்துக் கெடக்கு."

"அம்மாவை யார் பார்ப்பாங்க?"

அவர் சாவிக்கொத்தை மடியில் புரட்டினார்.


மே 23, வெள்ளி

அம்மாவுக்குக் காய்ச்சல். வேறு ஒன்றுமில்லை.


மே 27, செவ்வாய்

மூன்றாம் பக்கம் வரை எழுதி முடித்தேன். காலையில் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். ரைஸ் மில் அலுவலகம், தவிட்டு வாசனை. முதல் இரண்டு பக்கம் கொள்ளிடக் கரை, ஊர், சோழர், பாண்டியர் என்று பொதுவாகப் போகும். 'மிகப் பழமையான' என்று போட்டு இரண்டாயிரத்திலிருந்து தப்பித்தேன். மூன்றாம் பக்கம் இப்படி:

'இவ்வாலயத்தில் வேறெங்கும் காணாத ஒரு வழக்கம் உண்டு. முன்மண்டபத்தில் உறங்கும் பெண் தானாக விழிக்கும் வரை அவளை எழுப்பலாகாது. அவளைக் கடந்து எப்பொருளையும் எடுத்துச் செல்லலாகாது. அம்மனே ஆனாலும் காத்திருப்பாள்.'

நல்லுசாமி மாமா தொடையைத் தட்டினார்.

"இதுதாம்மா எழுத்து! எங்கப்பா கதையையும் சேத்துடு. தேர் அன்னிக்கு உற்சவரைத் தூக்கி வெளிய வரணும். அந்த நேரம் பாத்து வேத்தூருப் பொம்பளை ஒருத்தி நடு மண்டபத்துல கெடந்து தூங்குறா. மாலையும் கழுத்துமா எங்கப்பா நாலு மணி நேரம் நின்னாரு. ஊரே நின்னுச்சு. ஒருத்தன் இருமல."

"அவங்க எந்திரிச்சு என்ன சொன்னாங்க?"

"'ஏன் இம்புட்டு கூட்டம்?'னு கேட்டாளாம்."

சேர்த்துவிட்டேன். இந்தப் பக்கத்தை அப்படியே பெரிதாக அச்சடித்துக் கோவில் வாசலில் கட்டப்போகிறாராம், கீழே தலைவர் என்று தன் பெயரோடு.

வீட்டுக்கு வருவதற்குள் அம்மாவைத் திருப்ப அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. குறித்திருக்கிறேன்.


ஜூன் 4, புதன்

இன்று பாலாலயம். திருப்பணி முடியும்வரை அம்மனின் சக்தியைக் கல்லிலிருந்து ஒரு அத்திப் பலகைக்கு மாற்றி, அந்தப் பலகையை வெளியே வைத்துப் பூசை செய்வார்கள். வேள்வி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஸ்தபதி அளவெடுப்பதற்காகக் கவசத்தைக் கழற்றினார்கள். உள்ளே பூசாரி, ஸ்தபதி, நல்லுசாமி மாமா. புத்தகத்துக்காக நான்.

சந்தனத்தைக் கழுவியதும் ஸ்தபதி விளக்கடித்தார். ஒரு நிமிடம் எனக்கு எதுவுமே நினைவில்லை, அம்மா, நேரம், எதுவும்.

கால்களைத் தொங்கவிட்டு, அகல உட்கார்ந்திருக்கிறாள். பெருத்த வயிறு, தொங்கிய முலைகள், தடித்த உதடு. ஒரு பக்கம் மாட்டுத்தலை கொண்ட மகன், மறுபக்கம் மகள். தலைக்கு அருகே காக்கைக் கொடி. கீழே துடைப்பம். மூக்கு நுனி மட்டும் சற்று உடைந்திருக்கிறது.

"தவ்வை!" என்றேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். "மாமா, இது லட்சுமி இல்ல, லட்சுமியோட அக்கா, தவ்வை! பல்லவர் காலத்து வேலை மாதிரி இருக்கு. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்குக் குறையாது. அந்தக் காலத்துல இவளுக்குத் தனிச் சந்நிதியே உண்டு."

"தவ்வைன்னா?"

பூசாரி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் சொன்னேன். படித்ததைச் சொல்லி எத்தனை மாதமாயிற்று.

"பின்னாடி வந்தவங்க மூதேவின்னு சொல்லிட்டாங்க மாமா, அவதான்."

எனக்கு அந்தச் சொல் வீட்டில் பழகியது. அவருக்கு அப்படியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகைய மொதல்ல இவ காலடியிலதானே வெச்சேன்" என்றார்.

"பொண்ணு நல்லாத்தானே இருக்கா?" என்றார் பூசாரி.

அது மாமாவின் காதில் விழவில்லை. வெளியே போய்ச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.


ஜூன் 5, வியாழன்

குழு முடிவு செய்துவிட்டது. ஊருக்குச் சொல்லப்போவதில்லை. 'மூலவர் பின்னமாகிவிட்டார், ஆகம முறைப்படி புது மகாலட்சுமி.' பழைய கல்லைக் கொள்ளிடத்து மடுவில் இறக்கிவிடுவார்கள்.

மாமா தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ சொல்லலேன்னா தெரிஞ்சே இருக்காதும்மா. நல்ல வேளை."


ஜூன் 6, வெள்ளி

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பூசாரி வந்தார். இதுவரை வீட்டுக்கு வந்ததில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார்.

"அந்தப் பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம் டீச்சர்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்கப்பா சாகறப்ப சொன்னாரு. 'திரையை இறுக்கி மூடு. ஆளு யாருன்னு உனக்குத் தெரிஞ்சாப் போதும், ஊருக்குத் தெரிஞ்சா அவளைத் தூக்கிப் போட்ருவானுங்க'ன்னாரு. அவருக்கு அவரு அப்பா சொன்னது. அந்தக் கவசமே அதுக்குத்தான். எத்தனை தலைமுறையோ."

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"அப்ப அந்தத் தூங்குற வழக்கம்?"

"அவகிட்டக் காசு பணமா இருக்கு? தூக்கம்தான் இருக்கு. வர்ற பொம்பளைங்களுக்கு அதைக் குடுக்குறா. அதுலயும் கை வெக்கக் கூடாதுன்னுதான் எழுப்பக் கூடாதுங்கிறது."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவர் போன பிறகு, பரணில் இருந்த என் எம்.ஃபில் குறிப்புகளை எடுத்தேன். பாற்கடலில் முதலில் வந்தவள் அவள், தங்கை பின்னால் வந்தவள். நித்திரைக்கும் சோம்பலுக்கும் உரியவள். அவளுடைய கல்யாணத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. மூத்தவள் இருக்க நான் எப்படிக் கல்யாணம் செய்துகொள்வது என்று தங்கை கேட்டாளாம். அந்த இடத்தை அன்று நான் குறிப்பில் எழுதவில்லை, பக்கம் போதாமல் இருந்திருக்கும்.

சுபாவின் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்து வாங்கி வந்தது நான்தான். ஒரு பிழைகூட இல்லாமல் வந்தது.


ஜூன் 10, செவ்வாய்

கோவிலில் தரைக்கல் அறுக்கிறார்கள். அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனேன். பதினொரு மணிக்கு இயந்திரச் சத்தம் சட்டென்று நின்றது. பவுனு என்ற சித்தாள், மண் சுமந்துகொண்டிருந்தவள், சும்மாட்டைத் தலைக்கு வைத்து மண்டபத்தின் நடுவே படுத்துவிட்டாள். படுத்த மறு நிமிடமே தூக்கம்.

ஸ்தபதிக்குக் கோபம். அவர் வெளியூர். "என்னய்யா ஊரு இது? வேலை நேரத்துல தூங்குது, எழுப்பக் கூடாதுங்கிறீங்க. பாலாலயம்தான் பண்ணியாச்சே, உள்ள இருக்கறது இப்ப வெறும் கல்லு."

"கல்லுக்காக இல்ல ஸ்தபதி. படுத்துருக்கிறவளுக்காக" என்றார் பூசாரி.

இயந்திரத்தை நிறுத்தியது பூசாரி இல்லை, நல்லுசாமி மாமா. சுவிட்சில் கைவைத்தபடியே நின்றுகொண்டிருந்தார். வாசலில் அவருடைய பெயர் போட்ட பலகை தொங்கிக்கொண்டிருந்தது, 'எழுப்பலாகாது' என்று.

பவுனு ஒன்றரை மணிக்கு எழுந்தாள். எல்லோரும் நிற்பதைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ரெண்டு பிள்ளைக்கும் அம்மை போட்டிருக்கு, நாலு நாளாச்சுங்க கண்ணை மூடி" என்றாள் என்னிடம். முகம் கழுவினதுபோல் இருந்தது.


ஜூன் 13, வெள்ளி

புதுக் கல் வந்துவிட்டது. பளபளப்பான மகாலட்சுமி, இடுப்பு சிறுத்து, புன்னகையோடு. ரைஸ் மில் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள்.

மாமா ஒரு கடிதத்தோடு வந்தார். ஊர்க் கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு. 'மூலவர் சிலை பின்னமடைந்துள்ளது, வழிபாட்டுக்கு ஏற்றதன்று' என்று தட்டச்சு செய்து, கீழே என் பெயரும் பட்டமும்.

"மூக்கு நுனி மட்டும்தான் மாமா உடைஞ்சிருக்கு."

"அதான் பின்னம்."

"அவ ஆயிரத்து இருநூறு வருஷமா இருக்கா."

"இருந்தது போதும்மா. வர்ற பத்தொம்பது, வியாழக்கிழமை, பத்தரைலேர்ந்து பன்னண்டு முகூர்த்தம். பழசை எடுத்து வெளிய வெச்சு, பீடத்தைச் சுத்தம் பண்ணணும். அதை விட்டா வேற நாள் இல்ல, ஆடி வந்துரும், அப்புறம் ஆவணிதான். பத்திரிகை ஊரெல்லாம் குடுத்தாச்சு, தேதியை மாத்த முடியாது. அன்னிக்கு நடக்கலேன்னா பழசையே உக்கார வெச்சுக் குடமுழுக்கு பண்ண வேண்டியதுதான். அந்தக் கூத்து நமக்கு வேணுமா?"

உள்ளேயிருந்து அம்மா நான்காவது சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டாள். மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

இந்த வாரம் நான் தூங்கியது எத்தனை மணி நேரம் என்று ஓரத்துக் குறிப்புகளிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையெழுத்துக்கு அது காரணம் ஆகாது. இருந்தாலும் போட்டுப் பார்த்தேன்.


ஜூன் 14, சனி

அம்மாவைக் குளிப்பாட்டினேன். பிறகு அதே கட்டிலின் காலில் சாய்ந்து தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. எழுந்தபோது அம்மாவின் நல்ல கை என் தலைமேல் இருந்தது. தானாக விழுந்ததா, வைத்தாளா, தெரியவில்லை. இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தில் அவள் என்னைக் கூப்பிடவில்லை.


ஜூன் 15, ஞாயிறு

சுபாவுக்குப் பேசினேன்.

"பத்தொம்பதாம் தேதி காலையில எட்டு மணிக்குள்ள வந்துடு. ஒரு நாள் அம்மாவைப் பாத்துக்கணும்."

"வியாழக்கிழமையா? அக்கா, அன்னிக்கு என் மாமியார் வர்றாங்க. ஏதாச்சும் அவசரமா? உனக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கோவில்ல ஒரு வேலை."

"புத்தக வேலைதானே? அதை இன்னொரு நாள் வெச்சுக்கயேன்."

வழக்கமாக இந்த இடத்தில், சரி விடு, நான் பாத்துக்கறேன் என்று சொல்வேன். அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். தொலைபேசிக்குள் அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்."

"...சரி, வர்றேன். எத்தனை மணிக்குத் திரும்புவே?"

"தெரியல."


ஜூன் 17, செவ்வாய்

ஊர்க் கூட்டம் நடந்தது. மாமா கடிதத்தை உயர்த்திக் காட்டினார், ஒருவரும் படிக்கவில்லை. "டீச்சரே சொல்லியிருக்கு" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

"புது அம்மன் வந்தப்புறமும் படுத்துக்கலாமுல்ல?"

"கிரானைட் போடுறோம், கம்பிக்கதவு போடுறோம். படுக்கறதெல்லாம் இனிமே வேணாம்னு பாக்கறோம்" என்றார் குழுவில் ஒருவர்.

"பலகையில என்னமோ எழுதியிருக்கே?"

"அது குடமுழுக்கு வரைக்கும்" என்றார் மாமா.

சிரித்தார்கள். கேட்டது பவுனு. அவள் சிரிக்கவில்லை.

வெளியே வரும்போது பூசாரி என்னைப் பார்த்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.


ஜூன் 18, புதன்

காலையில் பாயை வெயிலில் போட்டேன். கோரைப்பாய், கல்லூரி விடுதியிலிருந்து கொண்டுவந்தது. நாலைந்து வருடமாக யாரும் விரிக்கவில்லை. ஒரு ஓரம் எலி கடித்திருக்கிறது, பரவாயில்லை.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. அட்டையில் மாமாவின் படம், அம்மனின் கவசப் படம். மூன்றாம் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். 'அவளைக் கடந்து எப்பொருளையும் எடுத்துச் செல்லலாகாது.' இதை எழுதியபோது ஏதாவது மனதில் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிழை எதுவும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

சுபா இன்று மதியம் பேருந்தில் ஏறிவிட்டாள், இரவு திருச்சியில் தோழி வீட்டில் தங்கிவிட்டுக் காலை எட்டுக்கு வந்துவிடுவாள். அவளுக்காகப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் மேல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எட்டு மணி, வலப்பக்கம். பத்து, இடப்பக்கம். பன்னிரண்டு, நேராக, தலைக்கு இரண்டு தலையணை. கஞ்சி வடிகட்டித்தான். கூப்பிட்டால் உடனே போக வேண்டும், என்ன சொல்லிக் கூப்பிட்டாலும். இரவு எட்டு மணிக்குத் திருப்புவது வரை எழுதினேன், எதற்கும் இருக்கட்டும் என்று பிறகு பத்தையும் சேர்த்தேன்.

சுபாவிடம் கோவில் வேலை என்றேன், பொய்யில்லை. பூசாரியிடம் சொன்னால் அவரை நாளைக்குக் கேள்வி கேட்பார்கள். பவுனுவிடம் சொன்னால் நாலு பெண்களோடு வருவாள், அது போராட்டம் ஆகிவிடும். போராட்டம் என்றால் எழுப்பலாம். தனியாக ஒரு பெண் தூங்கினால்தான் எழுப்ப முடியாது.

நாளை ஒன்பது மணிக்கு நடை திறந்ததும் போவேன். கருவறை வாசலுக்கு நேர் எதிரே, இரண்டு தூணுக்கும் நடுவில், கவசம் இல்லாமல் அவள் உட்கார்ந்திருப்பது தெரியும் இடத்தில் பாயை விரிப்பேன். பத்தரைக்குச் சங்கிலியும் உருளைக்கட்டையுமாக வருவார்கள். கூப்பிட மாட்டார்கள், கூப்பிடக் கூடாது. மாமா தன் அப்பாவைப் போல நிற்க வேண்டியிருக்கும், தன் பெயர் போட்ட பலகைக்குக் கீழே. பன்னிரண்டோடு முகூர்த்தம் போய்விடும்.

எல்லாம் யோசித்தாயிற்று. ஒரே ஒரு கேள்வி மிச்சம். பொய்யாகக் கண்ணை மூடிக் கிடந்தால் அது அவளுக்குச் செய்கிற துரோகம் இல்லையா, இரண்டு தரம் செய்தது போதாதா என்று காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. சற்று முன் அம்மாவை ஆறு மணிக்குத் திருப்பிப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தபோது, பேனா பிடித்திருக்கும்போதே இரண்டு முறை தலை மேசையில் முட்டியது. ஓரத்தில் ஒரு கோடு இழுபட்டிருக்கிறது பார்.

நடிக்க வேண்டியிருக்காது.